மழை மாதங்களுக்கான பூச்சட்டி அலங்காரம்: ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி மழை இரண்டு மாலை விடாமல் கொட்டிய மறுநாள், வாசலில் இருக்கும் பூச்சட்டி ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். முந்தாநாள் ஒரு கையால் நகர்ந்த சட்டி இன்று இரண்டு கைக்கும் அசையாது. அந்தக் கனம் முழுவதும் தண்ணீர். இலைகள் கழுவி விட்டதுபோலப் பளபளக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். பத்து நாள் கழித்து அதே செடி தலை தொங்கி நிற்கும். வாடிவிட்டதே என்று வீட்டில் யாராவது ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவார்கள். அதோடு அந்தச் செடியின் கதை முடிந்துவிடும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், ஆண்டுதோறும் இதைப் பார்க்கிறேன். இங்கே பாதிக் குடும்பங்கள் ரப்பர்த் தோட்டத்து லயங்களிலிருந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, வந்தவை. லயத்து வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்ணில் முருங்கை, கருவேப்பிலை, செம்பருத்தி, கனகாம்பரம் எல்லாம் சொன்ன பேச்சுக் கேட்டு வளர்ந்தன. தாமானுக்கு வந்த பிறகு வாசல் முழுவதும் சிமெண்டு. சட்டி மட்டும்தான் தோட்டம். தரையில் செடி வளர்த்துக் கைப்பழக்கம் கண்டவர்கள், அதே பழக்கத்தைச் சட்டிக்குள் கொண்டுபோகும்போது தோற்றுப்போகிறார்கள். தரையில் அதிகப்படித் தண்ணீர் பக்கவாட்டிலும் கீழேயும் தானாகவே போய்விடும். சட்டியில் அது போக வழியை நாம்தான் அமைத்துக் கொடுக்க வேண்டும். மழை மாதங்களில் ஒரு சட்டி அழகாக நிற்பதும் அழுகிப்போவதும் அந்த ஒரு வேலையைப் பொறுத்தது. இந்த வழிகாட்டியில் மற்ற எதைத் தவறவிட்டாலும் அதை மட்டும் தவறவிடாதீர்கள்.

இங்கிலாந்தில் இருக்கும் உறவினர்கள் குளிர்காலத்துக்கு வாசலில் வைக்கும் சட்டிகளைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். பான்சி, ஹீதர், குட்டி ஊசியிலை மரம், ஓரத்தில் ஐவிக் கொடி என்று சட்டி நிறைந்திருக்கும். அதைப் பார்த்து அப்படியே செய்யக் கூடாது. அங்கே குளிரில் செடி ஏறக்குறைய உறங்குகிறது. நட்ட அளவிலேயே மூன்று மாதம் நிற்கும் என்பதால் தோளோடு தோள் இடித்து நெருக்கமாக நடுகிறார்கள். நமக்கு மார்கழியிலும் இரவு வெப்பம் 22, 23 டிகிரிக்குக் கீழே அரிதாகத்தான் இறங்கும். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகையில் இருக்கிறோம். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ அரை மணி நேரம்தான். நம்முடைய செடி இந்த மாதங்களில் உறங்குவதில்லை, வெறிகொண்டு வளர்கிறது. ஆகவே அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது செடிப் பட்டியலை அல்ல, ஒரு பருவத்துக்கென்று சட்டியைத் திட்டமிடும் பழக்கத்தை.

எப்போது தொடங்க வேண்டும்

பேராக்கின் உட்பகுதியில் மழை உச்சம் அக்டோபரும் நவம்பரும். வடகிழக்குப் பருவமழையின் முழு அடியைத் தித்திவாங்சா மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் கிளந்தானும் திரங்கானுவும் வாங்கிக்கொள்கின்றன. நமக்கு வருவது பிற்பகல் இடிமழை. காலையில் சுள்ளென்ற வெயில், மூன்று மணிக்குமேல் கறுத்துக்கொண்டு வந்து ஒரு மணி நேரத்தில் வாய்க்கால் நிரம்பக் கொட்டும். சட்டிச் செடிக்கு இது கடினமான காலநிலை. ஒரே நாளில் வெயிலும் வெள்ளமும்.

தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் விதையிலிருந்து பூக்க எட்டு வாரம் முதல் பத்து வாரம் வரை ஆகும். ஆகவே ஆவணியிலேயே விதை போட்டுவிட வேண்டும். கோலியஸ் குச்சிகளைத் தீபாவளிக்கு ஆறு வாரம் முன்பு ஒடித்து நடலாம். சட்டியில் சேர்த்து நடும் வேலை மூன்று வாரம் முன்பு. அந்த மூன்று வாரத்தில் வேர் பிடித்து, நுனி கிளைத்து, சட்டியின் விளிம்பு மறைந்துவிடும். கடைசி வாரத்தில் வாங்கி வந்து நெருக்கி நட்ட சட்டி விருந்தாளிகள் வரும் நாளில் அழகாக இருக்கலாம், கார்த்திகையைத் தாண்டாது.

இன்னும் முன்கூட்டியே செய்ய வேண்டிய ஒன்று உண்டு, அது மஞ்சள். கிழங்கு ஊன்றி எட்டு, ஒன்பது மாதத்தில் விளையும் பயிர் அது. வைகாசியில் ஒரு சட்டியில் ஊன்றிவிட்டால், மழை மாதங்கள் முழுவதும் அகன்ற பச்சை இலையோடு வாசலில் நிமிர்ந்து நிற்கும். தைப்பொங்கலுக்குப் பானையில் கட்ட மஞ்சள் கொத்து வீட்டிலேயே இருக்கும். இடையில் பக்கத்து வீட்டு மலாய் அக்கா ரெண்டாங் சமைக்க இரண்டு இலை கேட்பார், கொடுக்கலாம். கடையில் வாங்கும் எந்த அலங்காரச் செடியும் இத்தனை வேலை செய்யாது.

இடத்தை மழை பெய்யும்போது பாருங்கள்

வெயிலில் நின்று இடம் தேர்ந்தெடுக்கிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். அடுத்த இடிமழையின்போது கதவருகே நின்று மூன்று கோடுகளைக் கவனியுங்கள். கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் நேராக விழும் கோடு முதலாவது. அங்கே வைத்த சட்டியில் மண் குழி பறிந்து வேர் வெளியே தெரியும், பூ நசுங்கும். சாரல் எதுவரை வருகிறது என்பது இரண்டாவது. தரையில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பது மூன்றாவது.

கூரை விளிம்புக் கோட்டில் எதையும் வைக்காதீர்கள். அதற்கு வெளியே நேரடி மழையைத் தாங்கும் செடிகள், அதற்கு உள்ளே சாரல் மட்டும் படும் செடிகள். இந்தப் பிரிவினை முடிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. தண்ணீர் தேங்கும் இடத்தில் சட்டி வைத்தே ஆக வேண்டுமென்றால் உயரத்தில் வையுங்கள்.

சட்டி, துளை, கால்

பன்னிரண்டு அங்குலச் சட்டியைவிடச் சிறியது கூட்டு நடவுக்கு உதவாது. பதினான்கு அங்குலம் நல்லது. மண் சட்டி சுவர் வழியாகவும் ஈரத்தை வெளியே விடும். மழை மாதங்களுக்கு என் முதல் தேர்வு அதுதான். பிளாஸ்டிக் விடாது, ஆனால் இலேசு. மெருகூட்டிய பீங்கான் சட்டிகள் கண்ணுக்கு அழகு. பெரும்பாலும் நடுவில் ஒரே ஒரு துளைதான் இருக்கும், அதுவும் ஒரு வேர் முளைத்தால் அடைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் சட்டியில் துளை குறைவாக இருந்தால், அடியிலும் அடியை ஒட்டிய பக்கச் சுவரிலுமாக ஐந்தாறு துளை, சுண்டுவிரல் நுழையும் அளவுக்குப் போடுங்கள். பக்கத்துளை முக்கியம். அடி தரையோடு ஒட்டிக்கொண்டாலும் அது வேலை செய்யும்.

அடுத்தது கால். உடைந்த ஓட்டுத் துண்டோ செங்கல் துண்டோ மூன்று வைத்து, சட்டியைத் தரையிலிருந்து ஒரு விரற்கடை உயர்த்துங்கள். சிமெண்டுத் தரையில் நேராக உட்கார்ந்த சட்டியின் அடியில் ஈரப்படலம் ஒட்டிக்கொண்டு துளையை மூடிவிடும். குளிர்நாடுகளிலும் குளிர்காலச் சட்டிக்குக் கால் கொடுப்பார்கள். அங்கே தேங்கிய தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு விரிந்து சட்டியையே பிளந்துவிடும் என்பது அவர்கள் கவலை. நமக்குச் சட்டி பிளக்காது, வேர் அழுகும்.

பெரிய சட்டியை வைக்கும் இடத்தில் வைத்துவிட்டுப் பிறகு மண் நிரப்புங்கள். நனைந்த பதினான்கு அங்குலச் சட்டியைத் தனியாகத் தூக்க முயன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

அடியில் கல் போடலாமா

இங்கே நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் நம் எல்லோருக்கும் தப்பாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட இடம் இது. சட்டியின் அடியில் ஓர் அடுக்கு ஜல்லியோ ஓட்டுத் துண்டோ போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று என் அம்மாவும் சொன்னார், நானும் பல ஆண்டு செய்தேன். வடியாது. இன்னும் மோசமாகும்.

பாத்திரம் துலக்கும் நுரைப்பஞ்சு ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் படுக்கை வசமாகக் கையில் பிடியுங்கள். கொஞ்சம் சொட்டி நின்றுவிடும். சொட்டு நின்ற பிறகு அதே பஞ்சைச் செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் சொட்டத் தொடங்கும். பஞ்சு அதேதான், தண்ணீரும் அதேதான். உயரம் கூடியதால் புவியீர்ப்பு கூடுதலாக இழுக்கிறது. நின்ற பிறகும் அடிப்பகுதியில் மட்டும் ஒரு பட்டை ஈரம் சொட்டாமல் தங்கியிருக்கும். சட்டி மண்ணும் அப்படித்தான். எந்தச் சட்டியிலும் அடியில் சில அங்குலம் எப்போதும் நிறைஈரமாகவே நிற்கும். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குள் தண்ணீர் எளிதில் தாவாது. மேலே உள்ள மண் முழுக்க நிரம்பி வழிந்தால்தான் கீழே இறங்கும். ஆக, அடியில் மூன்று அங்குலம் கல் போட்டால் அந்த ஈரப்பட்டை மூன்று அங்குலம் மேலே ஏறி வேரின் மடியில் உட்காருகிறது.

ஒரு தீபாவளிக்கு நான் வைத்த சாமந்திச் சட்டிகள் வரிசையாகச் செத்தபோது, ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் போட்டிருந்த செங்கல் துண்டுகள் வெறும் நனைவோடு இருந்தன. அவற்றுக்குச் சற்று மேலே மண் கூழாக இருந்தது, வாய்க்கால் சேற்றின் நாற்றம். ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். மேல்தோல் உறைபோலக் கழன்று விரலோடு வந்துவிட்டது; உள்ளே மயிரிழை போன்ற நரம்பு மட்டும் தொங்கியது. வேரழுகலின் அடையாளம் அதுதான். நல்ல வேர் வெள்ளையாக, பிடித்தால் நறுக்கென்று இருக்கும்.

துளை வழியாக மண் கொட்டிவிடுமே என்று கேட்டால், துளைமேல் ஒரு துண்டு கொசுவலை போதும். ஒரே வகைக் கலவையால் அடிமுதல் விளிம்புவரை நிரப்புங்கள். ஆழமில்லாத அகன்ற தட்டுச் சட்டியைவிட உயரமான சட்டி மழைக்கு ஏற்றது என்பதும் அந்தப் பஞ்சு சொல்லும் பாடம்தான்.

மண் கலவை

இந்த நாட்டில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு மூன்று பங்கு மண், இரண்டு பங்கு எரு, ஒரு பங்கு மணல். வறண்ட மாதங்களுக்கு அது சரி. மழைக்கு நான் மாற்றிக்கொள்கிறேன். மைலோ டின்னை அளவாக வைத்தால், இரண்டு டின் மேல்மண், இரண்டு டின் உமிக்கரி, ஒரு டின் தேங்காய் மட்டைத் துண்டு, ஒரு டின் பருமணல், ஒரு டின் நன்றாக மட்கிய எரு. சட்டி நிறையும்வரை இதே கணக்கில் கலந்துகொண்டே போகலாம்.

மேல்மண் என்றால் தோட்டத்துச் சிவப்புக் களிமண்ணை வெட்டி வராதீர்கள். ரப்பருக்கும் செம்பனைக்கும் (எண்ணெய்ப்பனை) அது தரையில் சோறு போடும் மண்; சட்டிக்குள் இரண்டு மழைக்குப் பிறகு செங்கல்லாகிவிடும். நர்சரிகளில் மூட்டையில் விற்கும் கறுப்பு மண் போதும், அதிலும் கட்டியை உடைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். மட்டையில் தூள் வேண்டாம், கட்டைவிரல் நகம் அளவு துண்டுகள் வேண்டும். நார்த்தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கோடையில் அது வரம், ஐப்பசியில் அது சுமை. துண்டுகளை இரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீரை இரண்டு முறை மாற்றிக் கொட்டினால் உப்பும் கறையும் போகும். மணல் ஆற்றுப் பருமணலாக இருக்க வேண்டும். பூச்சு வேலைக்குச் சலித்த நைசு மணல் இடைவெளிகளை அடைத்துவிடும்.

எருவுக்கு ஆட்டுப்புழுக்கை கிடைத்தால் நல்லது, ஆனால் மட்கியிருக்க வேண்டும். செம்பனை ஆலைகளில் பழம் உதிர்த்த வெறுங்குலையை மட்கவைத்து விற்கிறார்கள்; நம் வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும் நல்ல எரு அது. சூடு இன்னும் அடங்காத எருவை மழை மாதத்தில் சட்டிக்குள் போடாதீர்கள்.

கலவை சரியா என்று பார்க்க ஒரு சோதனை. செடி நடுவதற்கு முன்பே சட்டியை நிரப்பி, ஒரு முறை நனைத்து, அரை மணி கழித்து ஒரு லிட்டர் தண்ணீரைச் சட்டென்று ஊற்றுங்கள். மனதுக்குள் இருபது எண்ணுவதற்குள் மேலே நின்ற தண்ணீர் உள்ளே இறங்கி, ஒரு நிமிடத்துக்குள் அடியில் சொட்ட வேண்டும். மேலே குளம் கட்டி நின்றால் தட்டிக் கொட்டிவிட்டு உமிக்கரியும் மணலும் கூட்டுங்கள். இந்தச் சோதனைக்குச் சோம்பல்பட்டு நட்டுவிட்டால் பிறகு வழியே இல்லை.

எந்தச் செடி

முதலில் வேண்டாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். காகிதப்பூ வறட்சியில்தான் பூக்கும். மழையில் இலையும் முள்ளுமாக நீளும். அடீனியம், பத்துமணிப்பூ, கள்ளி வகைகள் நேரடி மழையில் தண்டு அழுகிவிடும். நித்தியகல்யாணி எவ்வளவு உறுதியான செடியானாலும் ஈரம் நீடித்தால் ஒரே இரவில் கறுத்துச் சாயும். இவற்றை எல்லாம் கூரைக்குள் இழுத்துவிடுங்கள். துளசியையும் மழை நேராக விழும் இடத்தில் விடாதீர்கள். மாடத்துக்கு மேல் ஒரு மறைப்பு இருந்தால் ஆண்டு முழுவதும் நிற்கும்.

கேமரன் மலைச் செடிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் லாரியில் இறங்கும் சாமந்தி, பெட்டூனியா, ஜெரேனியம் எல்லாம் மனத்தைப் பறிக்கும். ஆனால் அவை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் வளர்ந்தவை. நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் அரை டிகிரிக்குச் சற்று மேல் குறையும். அங்கே இரவு 15, 16 டிகிரியில் இருந்த செடி இங்கே 24 டிகிரி இரவில், ஈரக் காற்றில், மூச்சுத் திணறுகிறது. நான் வாங்கிய சாமந்திகள் கல்லடுக்கால் பாதியும் வெப்பத்தால் பாதியும் செத்தன. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. வாங்கத்தான் வேண்டுமென்றால் பூங்கொத்து வாங்குவதாக நினைத்து வாங்குங்கள். கூரைக்கு உள்ளே, தனிச்சட்டியிலேயே, பத்துப் பதினைந்து நாள் பாருங்கள். கூட்டு நடவில் சேர்க்காதீர்கள். கிறிஸ்துமஸ் சிவப்பிலைச் செடியான பாயின்செட்டியாவுக்கும் இதே கதைதான். மெக்சிகோவின் வறண்ட சரிவுகளிலிருந்து வந்த செடி அது, மழைத்துளி பட்டால் சிவப்பிலையில் புள்ளி விழும்.

இனி வேண்டியவை. நேரடி மழைக்கும் வெயிலுக்கும் கல்வாழைக்கு இணை கிடையாது. கால் நனைந்து நின்றாலும் பூக்கும். செவ்விலைக் கார்டிலைன், குரோட்டன்ஸ், இட்லிப்பூ, பாண்டான், மஞ்சள் எல்லாம் அந்த வரிசையில் சேரும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள இடத்துக்கு கோலியஸ்தான் அரசி. மலாயில் ஆத்தி ஆத்தி என்பார்கள். பூவே வேண்டாம் என்று சொல்லவைக்கும் நிறங்கள்: மாந்தளிர், எலுமிச்சை, கருஞ்சிவப்பு, ஓரம் மட்டும் பச்சை. நுனியை ஒடித்து ஈர மண்ணில் குத்தினால் ஒரு வாரம், பத்து நாளில் வேர் விடும் என்பதால் ஒரு வீட்டில் வாங்கினால் தெரு முழுவதும் வளரும். நிழலுக்கு வண்ணச்சேம்பு, அமைதி லில்லி, அக்லோனிமா. விளிம்பில் வழிய மணிபிளாண்ட், சீப்ரினா, நிறவிலைச் சர்க்கரைவள்ளி.

பூ வேண்டும் என்பவர்களுக்குக் கோழிக்கொண்டையும் தொரீனியாவும். செண்டுமல்லி நன்றாக வடியும் சட்டியில், காற்றோட்டமான இடத்தில் வரும். ஆனால் பெரும்பூ வகை தண்ணீர் குடித்துக் கழுத்து ஒடியும். சிறுபூ வகையாகப் பாருங்கள்.

நடும் நாள்

மேகமூட்டமான நாளில், மழைக்கு முன்னால் உள்ள காலைப்பொழுதில் நடுங்கள். வாங்கி வந்த நெகிழிப் பையில் வேர் சுருண்டிருந்தால் விரலால் மெதுவாகப் பிரித்துவிடுங்கள்.

எதை எங்கே வைப்பது என்று குழம்ப வேண்டாம். கும்பம் வைக்கத் தெரிந்தவருக்கு இது தெரியும். நடுவில் உயர்ந்து நிற்பது ஒன்று, அதைச் சுற்றிக் குடையாக விரிவது, விளிம்பைத் தாண்டிக் கீழே சரிவது. தேங்காயும் மாவிலையும் செய்வதை இங்கே கார்டிலைனும் கோலியஸும் மணிபிளாண்டும் செய்கின்றன. சுவரோரம் வைக்கும் சட்டியானால் உயரமான செடி பின்னால். நிறத்தில் அடக்கம் வேண்டும். ஒரு சட்டிக்கு ஒரு கருநிறம், ஒரு வெளிர்நிறம், மீதி பச்சை. வாசலில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு சட்டி வைப்பது வாழைமரம் கட்டுவதுபோல வீட்டுக்கே ஒரு களையைக் கொடுக்கும்.

பதினான்கு அங்குலச் சட்டிக்கு உயரச் செடி ஒன்று, நடுச் செடி மூன்று, வழியும் செடி இரண்டு. செடிக்குச் செடி நான்கு விரல் இடைவெளி. முதல் வாரம் வெறிச்சென்று தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் கோலியஸ் இரண்டு மடங்காகிவிடும்; நெருக்கி நட்டால் இடையில் காற்றுப் புகாமல் பூஞ்சணம் பிடிக்கும். செடி முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில், மண்மட்டம் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே. தண்டைச் சுற்றி மண்ணைக் குவிக்காதீர்கள். நட்டு முடித்ததும் மேலே மட்டைத் துண்டையோ கூழாங்கல்லையோ ஓர் அடுக்கு பரப்புங்கள். மழை அடிக்கும்போது மண் தெறித்து இலையில் ஒட்டினால் அதோடு நோயும் ஒட்டும்; இந்த அடுக்கு அதைத் தடுக்கும். கல்லுக்கு உரிய இடம் மேலே, அடியில் அல்ல.

நட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது ஒன்று. இந்த ஊரையே உண்டாக்கிய பால்மரமும் இப்படிக் கன்றாக வந்ததுதான். 1877ஆம் ஆண்டு லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் கப்பலில் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சிலவற்றைப் பேராக்கின் ரெசிடென்டாக, அதாவது பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக, இருந்த ஹியூ லோ, நமக்குப் பக்கத்திலிருக்கும் கோலகங்சாரில் நட்டார். கடல் கடந்து வந்த அந்தக் கன்றுகளை வழியில் அழுகவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் யாரோ, அவர்கள் கைக்குத் தண்ணீர்க் கணக்குத் தெரிந்திருந்தது.

கொசு

சட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். விதிவிலக்குச் சொல்ல நான் தயாராக இல்லை. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். அதன் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். வீட்டில் கொசுப்புழு கண்டால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதமும் உண்டு. அதைவிடப் பெரியது, பக்கத்து வீட்டுப் பிள்ளை காய்ச்சலில் கிடப்பது. கோலியஸ் குச்சியைத் தண்ணீர்ப் போத்தலில் வேர்விட வைத்திருந்தால் வாயைப் பஞ்சால் அடையுங்கள். காலிச் சட்டிகளைக் கவிழ்த்து வையுங்கள். இலைக்குவளையில் தண்ணீர் தேக்கும் புரோமிலியாட் வகைகளை மழை மாதச் சட்டியில் சேர்க்க வேண்டாம்.

வாரம் ஒரு முறை

மழை பெய்கிறதே என்று சட்டியைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். இலை அடர்ந்த பிறகு கோலியஸும் வண்ணச்சேம்பும் குடை பிடித்ததுபோல மழையைச் சட்டிக்கு வெளியே வடித்துவிடும். ஊரே நனைந்திருக்கும்போது அந்த ஒரு சட்டி மட்டும் உள்ளே காய்ந்து கிடக்கும். கூரைக்குள் இருக்கும் சட்டிகளைச் சொல்லவே வேண்டாம். ஆள்காட்டி விரலை இரண்டாம் கணுவரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். வாடிய செடியைக் கண்டதும் விரல்தான் முதலில் போக வேண்டும், குவளை பிறகு.

மழை உரத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். தோட்டத்தில் உரம் போட்டவர்களுக்கு இது புதிதல்ல; கனமழைக்கு முன்னால் போட்ட உரம் வாய்க்காலுக்குத்தான் போகும். ஒரே தடவையில் அள்ளிப் போடாமல், பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரைத் தேக்கரண்டி, தண்டிலிருந்து தள்ளி, விளிம்போரமாகத் தூவுங்கள். இலைச் செடிக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 15:15:15 உரம், பூச்செடிக்குச் சாம்பல் சத்துக் கூடுதலான 12:12:17. மெதுவாகக் கரையும் உருண்டை உரம் கிடைத்தால் நடும்போதே கலந்துவிடலாம்.

கோலியஸில் பூக்கதிர் தலைநீட்டினால் உடனே கிள்ளிவிடுங்கள். பூ வந்தால் இலை சிறுத்து நிறம் மங்கும். வாடிய செண்டுமல்லியையும் மண்ணில் விழுந்த இலையையும் பொறுக்குங்கள், ஈரத்தில் அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். நத்தை இரவில் வரும். டார்ச் விளக்கோடு போய்ப் பொறுக்கலாம், ஆனால் வெறுங்கையால் தொடாதீர்கள். பெரிய ஆப்பிரிக்க நத்தை மூளையைத் தாக்கும் புழுவைச் சுமந்து வரக்கூடியது. கையுறை போட்டுக்கொண்டு, பிறகு சோப்பால் கை கழுவுங்கள், பிள்ளைகளை விடாதீர்கள். கூரைக்குள் இருக்கும் செடிகளுக்கு மழை குளிப்பாட்டாததால் மாவுப்பூச்சி சேரும். துணியால் துடைத்து, வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து மாலையில் அடிக்கலாம்.

மூன்று நான்கு நாள் தொடர்மழை என்றால் கவலைக்குரிய சட்டியை ஒரு பக்கம் சாய்த்து, அடியில் செங்கல் முட்டுக் கொடுத்து வையுங்கள். சாய்ந்த சட்டியில் மண்ணின் உயரம் கூடும், பஞ்சை நிமிர்த்தியதுபோல. நின்றுபோன சொட்டு மறுபடி தொடங்குவதை அங்கேயே பார்க்கலாம்.

தை பிறந்த பிறகு

பொங்கலுக்கு முன்பே மஞ்சள் இலை பழுக்கத் தொடங்கும். கொத்தாகப் பிடுங்கிப் பானைக்குக் கட்டியது போக, மீதியைச் சட்டியிலேயே விடலாம். மாசியில் வறட்சி வரும்போது செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் முடிந்திருக்கும். கோலியஸைப் பாதிக்கு வெட்டி, நுனிகளைப் புதிதாக நட்டுக்கொள்ளுங்கள். கூரைக்குள் போன காகிதப்பூவுக்கும் அடீனியத்துக்கும் இப்போது வெளியே இடம் கிடைக்கும். பழைய கலவையைத் தூக்கி எறிய வேண்டாம். வேரைப் பிரித்தெடுத்து, தரையில் சாக்கு விரித்து இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து, பாதிக்குப் பாதி புதிய எருவும் உமிக்கரியும் சேர்த்தால் அடுத்த ஆவணிக்குத் தயார். அழுகல் கண்ட சட்டியின் மண்ணை மட்டும் சேர்க்காதீர்கள். சட்டியையும் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிடுங்கள்.

மஞ்சள் சட்டியைக் கடைசியாகக் கவிழுங்கள். சமையலுக்கு எடுத்தது போக, கண் உள்ள விரற்கிழங்குகளில் பருத்ததாக நான்கைப் பொறுக்கி, உலர்ந்த மணல் போட்ட டின்னில் நிழலில் வையுங்கள், வைகாசியில் ஊன்ற.